நிஞ்சா கூப்பிட்டான்

நிஞ்சாவை எடுத்து ஆடுகிறவர்களை எனக்கு எப்போதுமே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் நல்லவன் மாதிரிப் பேசினால் நம்பாதீர்கள்.

கம்ப்யூட்டரில் எங்கள் பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். நடுவில் இருக்கிற மேட்டைப் பிடிக்க வேண்டும், பிடித்ததை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். கேடயம் தூக்குகிற தடியன் ஒருவன் உண்டு, தூரத்திலிருந்து சுடுகிறவள் உண்டு, அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிற டாக்டர் உண்டு. அப்புறம் நிஞ்சா. அவனுக்கு யோகாசே என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் இர்பித் நகரில் ஒருத்தனும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சுவரில் ஏறுவான், அந்தரத்தில் இன்னொரு தடவை குதிப்பான், மூன்று தகடுகளை ஒன்றாக வீசுவான், முதுகில் வாள் வேறு. உயிர் மட்டும் கோழிக்குஞ்சுக்கு இருக்கிற அளவுதான். அவனை எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம். யாரிடமும் சொல்லாமல் ஐந்து பேர் நடுவில் தனியாகப் போய் விழுவார்கள், பிறகு டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

கூப்பிடுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் நிஞ்சா கரகரத்த குரலில் "மருந்து!" என்று கத்துவான். அழுத்தியவனைத் தவிர, அணியில் டாக்டருக்கு மட்டும்தான் அது கேட்கும். நிஞ்சா ஆடுகிறவர்களுக்கு அந்தப் பொத்தான் மேல் விரல் போவது பழக்கமாகிவிடும். கீறல் பட்டாலும் அழுத்துவார்கள், படாவிட்டாலும் அழுத்துவார்கள், சும்மா நின்றாலும் அழுத்துவார்கள். எங்கள் அணியில் நிஞ்சா குதைபா. டாக்டர் நான், சுஹைப்.

குதைபா எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. நடுவில் பதினெட்டுப் படிகள். சின்ன வயதிலிருந்தே ஒன்றாகத்தான் வளர்ந்தோம், இப்போது பல்கலைக்கழகத்திலும் ஒரே வகுப்பு. ஒன்பது வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும். ஆரம்பத்தில் அவன் பயந்து கண்ணை மூடிக்கொள்வான், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ரமலான் இரண்டாம் நாள் மதியம், மாடிப்படி வளைவில் அவன் மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது, காலையில் காப்பி இல்லாமல் மண்டை வேறு பிளந்தது.

"பிடிச்சேன்டா நோன்புக் கள்ளனை!" என்றேன்.

"கத்தாதடா. எனக்கு நோன்பு கிடையாது, டாக்டர் கூடாதுன்னுட்டாரு. உனக்குத் தெரியும்ல?"

"எந்த டாக்டர்? நான் அப்படி ஒண்ணும் சொல்லலியே!"

அந்த நகைச்சுவை எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று மாலை அணியிலும் சொன்னேன். கேடயக்காரனும் தலைவனுமான ராக்கான் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க டாக்டர் சுஹைப் கையெழுத்துப் போட்டாத்தான் நோன்ப விடலாம்" என்றான். அணிப் பட்டியலை நிர்வகிப்பது நான். குதைபாவின் பெயரை எடுத்துவிட்டு "நோன்புக் கள்ளன்" என்று போட்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நிஞ்சாவின் தலைக்கு மேல் அந்தப் பெயர் மிதந்தது. எதிர் அணிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

குதைபாவும் சிரித்தான். அவனும் சிரித்தானே, சிரித்தானே என்று அதைத்தான் நான் பின்னால் பல நாள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழக ரமலான் கோப்பையின் அரையிறுதி பன்னிரண்டாம் நாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு. நாங்கள் வழக்கமாக ஆடும் கம்ப்யூட்டர் கடை நோன்பு திறந்த பிறகுதான் கதவையே திறக்கும். அதனால் அவரவர் வீட்டிலிருந்துதான் ஆடினோம். குதைபா மைக்கை அணைத்து வைத்திருந்தான். அவன் உம்மா பக்கத்துச் சமையலறையில் இருந்தாள். ரமலான் மாதத்தில்கூடச் சுடுகிற விளையாட்டா என்று அவள் திட்டுவது எங்கள் காதில் விழக் கூடாதாம். அதனால் அவனுக்கு நாங்கள் பேசுவது கேட்கும், அவன் பேச்சு எங்களுக்குக் கேட்காது. இது எப்போதும் உள்ள ஏற்பாடுதான்.

முதல் சுற்றை அவன் ஒருவனே ஜெயித்துக் கொடுத்தான் என்று சொன்னால் தப்பில்லை. சுவர் ஏறிப் பின்னால் போய் மூன்று பேரைச் சாய்த்தான். இரண்டாம் சுற்று போய்விட்டது. மூன்றாவதுதான் தீர்ப்பு.

மூன்றாவதில் ஆரம்பத்திலிருந்தே நிஞ்சா கோணலாக ஆடினான். சுவரில் ஏறிப் பாதியில் விழுந்தான். யாருமே இல்லாத மூலையைப் பார்த்துத் தகடு வீசினான்.

"மருந்து!"

திரும்பிப் பார்த்தேன். உயிர் முழுசாக இருந்தது.

"மருந்து! மருந்து!"

"டேய், உனக்கு ஒண்ணும் ஆகல. முழுசா இருக்க. எதுக்குடா தொண்ட கிழியக் கத்துற?" என்றேன்.

"யாரு, கள்ளனா?" என்றான் ராக்கான்.

"அவன்தான். காதுல வந்து உக்காந்துட்டான்."

"மருந்து! மருந்து! மருந்து!"

என் பக்கம் இரண்டு பேர் சாகக் கிடந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாக நேராக முகத்தில் அடித்தது, பசி, தலைவலி, ஹெட்போனுக்குள் இந்தக் கரகரப்பு. பட்டியலில் அவன் பெயரைத் தொட்டு மியூட் செய்தேன். சத்தம் நின்றது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அந்த அப்பாடாவை இப்போதும் என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நாலு நிமிடம் ஆடினோம். நிஞ்சா ஒரு சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். எதிரிகள் அவனைச் சட்டையே செய்யாமல் மேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"அவன் என்ன, தூங்குறானா?" என்று கத்தினான் ராக்கான்.

"ரோஷம்டா. நான் மருந்து போடலன்னு துரைக்குக் கோவம். வேணும்னே நம்மளத் தோக்கடிக்கிறான். இரு, இறங்கிப் போய் மூஞ்சிலயே ரெண்டு வச்சிட்டு வர்றேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மைக்கில் சொன்னேனா, ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. பிறகு ராக்கான் எழுதியதைப் பார்த்தால், அவனுக்குக் கேட்டிருக்கவில்லை.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருந்தது. எழுந்து ஓடினேன். செருப்பு போடவில்லை. பதினெட்டுப் படிகளையும் நாலு தாவலில் இறங்கி, கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். குதைபாவின் உம்மா காய் குடையும் கம்பியும் கையுமாக வந்து திறந்தாள். "என்ன மவனே?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். வாயில் கெட்ட வார்த்தை தயாராக இருந்தது.

குதைபா மேசை மேல் சரிந்து கிடந்தான். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. உள்ளங்கை கீபோர்டு மேல் கிடந்தது. ஹெட்போன் கழன்று மேசையில் விழுந்திருந்தது. அதிலிருந்து சன்னமாக, ஓயாமல், அந்தக் கரகரத்த குரல் வந்துகொண்டிருந்தது. மருந்து. மருந்து. மருந்து.

அவன் உம்மா போட்ட அலறலில் கட்டடமே கூடிவிட்டது. ஆனால் அலறிக்கொண்டே அவள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து, சர்க்கரை இறங்கிப்போனால் போடுகிற ஊசி வைத்த சிவப்பு டப்பாவை எடுத்துவந்து, அதை அவன் தொடையில் போட்டுவிட்டாள். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் தானாகப் பத்து வரை எண்ணியது. எண்ணி முடித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது அவள் மேசை அலமாரியை இழுத்தாள். அவன் சர்க்கரை பார்க்கும் கருவியைத் தேடினாள். உள்ளே மூன்று ரொட்டிச் சுருள்கள் காய்ந்து கிடந்தன. மூன்று நாளாக அவனுக்கு மதியம் சாப்பிட என்று தயிர்க்கட்டி தடவி அவள் கட்டிக் கொடுத்தவை.

"நோன்பா?" என்றாள். "இவனா? ஊசியப் போட்டுக்கிட்டு நோன்பா? எந்தப் பாவி இவனுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

அந்தப் பாவி அவள் மகனின் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. யாரோ ஒருவர் தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டினார். இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, கண் திறந்துவிட்டான், பயமில்லை என்றார். "இன்னும் ஒரு கால்மணி போயிருந்தா..." என்று தொடங்கி, அவன் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, தன் வாயில் போடாமல் என் வாயில் வைத்தாள்.

"முதல்ல நீ திற. என் புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்தவன் நீ."

"மாமி, நான் அதுக்கு வரல" என்றேன். "நான் அவனத் திட்டத்தான் வந்தேன். அடிக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு வந்தா என்னடா? வந்தியே. செருப்புகூடப் போடாம வந்தியே." அவள் அழுதுகொண்டே என் பாதத்தைப் பார்த்தாள். "பாரு, கால் எப்படிக் கிழிஞ்சிருக்கு."

பாதியைச் சொல்லிவிட்டேன். மீதிப் பாதிதான் விஷயம். பெயரைத் தொட்டதை, சத்தம் நின்றதை, அப்பாடா என்றதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதில் பேரீச்சம்பழம் இருந்தது. மென்றேன். அந்தக் கோழைத்தனத்துக்குப் பழத்தைக் காரணம் காட்டுகிறேன், பாருங்கள்.

மறுநாள் அவனைப் பார்க்க விட்டார்கள். முகம் வெளுத்திருந்தது. மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தோத்துட்டோமா?"

"தோத்துட்டோம். ஏன்டா இப்படிப் பண்ணின?"

"மூணே நாள்தான். பண்ணிப் பாக்கலாம்னு இருந்துச்சு. முடிச்சிட்டு உங்கிட்ட வந்து, பேரை மாத்துடான்னு சொல்லணும்னு நெனச்சேன்."

அவன் போர்வை நுனியை உருட்டிக்கொண்டே பேசினான்.

"உம்மாவக் கூப்பிடத் தோணவே இல்லடா. வாய் வரல. கால் எங்க இருக்குன்னு தெரியல. கை மட்டும் அந்தப் பொத்தான்லயே இருந்துச்சு. உனக்குக் கேக்கும்னு மட்டும் தெரிஞ்சுது. கேட்டுச்சா?"

இப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை.

"சரியா கேக்கலடா," என்றேன். "அன்னிக்கு நெட் ரொம்ப மோசம்."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். "ம். நெட் மோசம்தான்" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் பெருநாள் வரை நான் பட்டது தண்டனையா மரியாதையா என்று எனக்குப் புரியவில்லை. அவன் உம்மா தினமும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் ஒரு தட்டு அனுப்புவாள். ஒருநாள் மக்லூபா சோறு, ஒருநாள் கத்தாயிஃப் இனிப்பு. காலித் தட்டைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று என் உம்மா அதில் எதையாவது வைத்து அனுப்புவாள். தட்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இமாம் தொழுகை முடிந்து என் தோளைத் தட்டினார். ரொட்டிக் கடைக்காரர் வரிசையில் நின்றவர்களிடம் "இந்தப் பையன்தான், செருப்பில்லாம ஓடினவன்" என்று காட்டினார். ராக்கான் அணிப் பக்கத்தில், கோப்பையை விட நண்பன் பெரிசு என்று ஆட்டத்தையே விட்டுவிட்டு ஓடிய டாக்டர் என்று எழுதி வைத்தான். அதற்கு எழுபது பேர் இதயம் போட்டிருந்தார்கள். செருப்பைத் தவிர இவற்றில் எதுவும் உண்மையில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே முதல் வேலையாகப் பட்டியலில் அந்தப் பெயரை மாற்றியிருந்தேன். குதைபா என்று தட்டும்போது இரண்டு தடவை எழுத்துப் பிழை வந்தது.

பெருநாள் முடிந்த நாலாம் நாள் பிற்பகல், அவன் விளையாட வந்தான். இப்போது அவன் வீட்டில் புதுச் சட்டம். அறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், மைக் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். பின்னணியில் அவன் உம்மா பாத்திரம் கழுவும் சத்தம் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"நான் டாக்டர் எடுத்துக்கறேன்," என்றான். "நிஞ்சா வேணாம். சுஹைப், நீ எடு."

"நானா? எனக்கு அவனை ஆடவே வராது."

"பழகிக்கோ."

நிஞ்சாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அவன் எவ்வளவு மெல்லிய ஆள் என்று. எங்கே போனாலும் எல்லாத் துப்பாக்கியும் அவனையே பார்க்கும். சுவர் ஏறினேன், விழுந்தேன், செத்தேன். மறுபடி செத்தேன். ஒவ்வொரு தடவையும் மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்துவிடுவேன்.

"யப்பா, போதும்டா உன் மன்னிப்பு!" என்றான் ராக்கான். "காதுல ரத்தம் வருது. உன்ன அடைச்சாத்தான் ஆட முடியும்."

உடனே என் திரையில், ராக்கான் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு சின்னக் காது தோன்றியது. குறுக்கே ஒரு கோடு.

"இது என்ன குறி?" என்றேன். ராக்கானிடமிருந்து பதில் வரவில்லை.

குதைபாதான் சொன்னான். "அவன் உன்ன மியூட் பண்ணிட்டான். பண்ணினா உன் திரைல அவன் பேருக்குப் பக்கத்துல அப்படி வரும்."

"நான் பாத்ததே இல்லையே இத."

"டாக்டரை யாருடா மியூட் பண்ணுவாங்க?"

குரலில் கோபம் இல்லை. டீ ஆறிப்போச்சு என்பது மாதிரித்தான் சொன்னான்.

நான் அந்தச் சிவப்புக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவன் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் இது இருந்திருக்கிறது. நாலு நிமிடம். கண் மங்கும் வரை அதைப் பார்த்தபடிதான் அவன் பொத்தானை அழுத்தியிருக்கிறான். அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, நெட் மோசம்தான் என்று சொல்லியிருக்கிறான். இத்தனை நாளும் அவன் உம்மாவின் தட்டு என் வீட்டுக்கு ஏறி வந்தபோது, அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"குதைபா," என்றேன். "அன்னிக்கு நான்..."

"முன்னால பாரு, ரெண்டு பேர் வர்றாங்க."

பார்ப்பதற்குள் அடி விழுந்தது. நிஞ்சா உருண்டு, இடிந்த சுவருக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். உயிர்க்கோடு நூல் மாதிரி மினுங்கியது. என் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது, இறங்கவில்லை.

"உயிர் எவ்வளவு இருக்கு?" என்றான்.

"பரவாயில்ல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கொஞ்சம்தான்."

"அப்ப ஏன் கூப்பிடல?"

"உனக்குத்தான் தெரியுதே. வரணும்னா வா."

"கூப்பிடுடா."

ஹெட்போனில் அவன் உம்மா தட்டை அடுக்கும் சத்தம் கேட்டது. எதிரிகள் சுவரைச் சுற்றி வரும் காலடியும் கேட்டது.

"எனக்குத் தகுதி இல்லடா" என்றேன்.

"என் பேருக்குப் பக்கத்துல பாரு" என்றான். "காது இருக்கா?"

பார்த்தேன். குதைபா என்று மட்டும் இருந்தது.

"இல்ல."

"அப்ப கூப்பிடு."

அழுத்தினேன். நிஞ்சா கரகரத்த குரலில் மருந்து கேட்டான்.

"கேட்டுச்சு," என்றான் குதைபா. "வர்றேன்."